அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் 1971 போர்ப் பதக்கங்கள் இல்லை, இப்போது சேர்க்க முடியுமா?

வேலூர் மகள்

எல்லாருக்கும் வணக்கம். என் அப்பா ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். 1966 பிப்ரவரியில் சேர்ந்து, 1983-இல் ஹவில்தாராக பென்ஷனோடு வீட்டுக்கு வந்தார். மூன்று வருடத்துக்கு முன் தவறிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது, அதில் ஒரு குறையும் இல்லை. நான் கேட்க வந்தது வேறு விஷயம்.

போன மாதம் அம்மாவின் மருத்துவ அட்டை வேலைக்காக அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். முதல்முறையாகப் பக்கம் பக்கமாகப் படித்தேன். பதக்கங்களுக்கான இடத்தில் இரண்டே வரி. ஒன்று, சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு நினைவுப் பதக்கம். இன்னொன்று, 9 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கம். பெட்டிக்குள் சிவப்புத் துணியில் சுற்றி இருந்த பதக்கங்களும் அதே இரண்டுதான். விளிம்பில் அப்பாவின் நம்பரும் ரேங்கும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் 1979-இல் லீவில் வந்தபோது ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று தொங்குகிறது. கறுப்பு வெள்ளை. யூனிஃபார்மில், இடது பாக்கெட்டுக்கு மேலே ஐந்து ரிப்பன் (ஒரு பதக்கத்துக்கு ஒன்று) தெரிகிறது. மேல் வரிசையில் இரண்டு, கீழே மூன்று. அப்படியென்றால் மூன்று பதக்கம் எங்கே?

அப்பா 1971 போரில் இருந்தார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதான்கோட்டிலிருந்து சாம்பா பக்கம் சக்திமான் லாரியில் குண்டுகள் ஏற்றிப்போனதைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருப்பேன். ஹெட்லைட் போடக்கூடாது. முன்னால் போகும் வண்டியின் பின்அச்சு நடுவில் இருக்கும் உருண்டைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் மட்டும் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு சின்ன பல்பு வைத்திருப்பார்களாம். "அந்த வெள்ளை உருண்டை ஒண்ணுதாம்மா ரோடு. அதப் பாத்துக்கிட்டே பதினாலு ராத்திரி ஓட்டினேன்" என்பார். டிசம்பர் 3-ஆம் தேதி ராத்திரி தொடங்கி, 17-ஆம் தேதி சாயங்காலம் சண்டை நிற்கும்வரை எண்ணினால் சரியாகப் பதினாலு ராத்திரி வருகிறது.

அம்மாவுக்கு இப்போது 74 வயது. புக்கைப் படித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்தப் பதினாலு நாளும் இதில் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அதற்காகத்தான் எழுதுகிறேன். பணம் எதுவும் வேண்டாம். ஆள் போன பிறகு, இத்தனை வருடம் கழித்து, புக்கில் சேர்ப்பார்களா? யாரிடம் கேட்க வேண்டும்? எங்கள் ஊரில் ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். அவர் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றும் சொல்லுங்கள்.

பழைய ஹெட்கிளார்க்

மகளே, முதலில் அந்த ஐயாயிரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள். இதற்குக் கட்டணமே கிடையாது. இதுவரை வழங்காத பதக்கத்தை முதல்முறை வழங்கும்போது அரசு காசு வாங்காது. தொலைத்துவிட்டு இரண்டாவது முறை கேட்டால்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும். நான் 28 வருடம் ராணுவ அலுவலகங்களில் எழுத்தராக இருந்து சுபேதாராக வந்தவன். படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலும் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் படத்திலிருந்தே தொடங்கலாம். ரிப்பன்களுக்கு வரிசை உண்டு, இஷ்டத்துக்குக் குத்த முடியாது. மேல் வரிசை மூத்தது. ஒவ்வொரு வரிசையிலும் நெஞ்சின் நடுவை ஒட்டி இருப்பது மூத்தது. நம் நாட்டுப் பதக்கங்களில் 9 ஆண்டு சேவைப் பதக்கம் கடைசி. அதற்கு முன்னால் 25-ஆம் ஆண்டுப் பதக்கம். அதாவது கீழ் வரிசையின் கடைசி இரண்டுதான் உங்கள் புக்கில் இருப்பவை. 1971-இல் மேற்கு முனையில் இருந்தவருக்கு பஷ்சிமி ஸ்டார் உண்டு. கிழக்கில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது பூர்வி ஸ்டார். இரண்டில் எது கிடைத்தாலும் அதோடு சங்க்ராம் மெடலும் சேர்ந்து வரும். மேல் வரிசை இரண்டும் பஷ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல் என்றால் கணக்கு நேராக உட்காருகிறது. கீழ் வரிசையில் முதலாவது சைன்ய சேவா மெடலாக இருக்கலாம். காஷ்மீர், நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்), இமயமலை எல்லைப் பகுதி என்று குறிப்பிட்ட இடங்களில் இருந்தவர்களுக்குக் கொடுப்பது அது. அப்பா அந்தப் பக்கம் இருந்தாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். 1966-இல் சேர்ந்தவர் என்பதால் 1965 போருக்கான பதக்கம் எதுவும் வராது, அதைக் கேட்டு மனுவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இது எப்படி விட்டுப்போகிறது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் மனுவில் எதைக் கேட்பது என்பது அதில்தான் இருக்கிறது. ராணுவத்தில் ஒருவர் வாழ்க்கையில் எது நடந்தாலும் (கல்யாணம், குழந்தை, ப்ரமோஷன், பதக்கம்) யூனிட்டிலிருந்து பார்ட் டூ ஆர்டர் போட வேண்டும். அந்த ஆர்டர் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், அங்கே ஷீட் ரோல் என்கிற அவருடைய மூல ஆவணத்தில் ஏறும். டிஸ்சார்ஜ் புக் என்பது ஆள் வெளியே வரும்போது அந்த ஷீட் ரோலைப் பார்த்து எழுதிக் கொடுப்பது. 71 பதக்கங்களை அரசு ஏற்படுத்தியதே போர் முடிந்து, 1973-இல்தான். அதற்குள் எத்தனை பேர் வேறு யூனிட்டுக்கு மாறியிருப்பார்கள்! பழைய யூனிட் போட்ட ஆர்டர் ஒரு பக்கம், ஆள் வேறு பக்கம். ரிப்பன் குத்திக்கொள்ள ஆர்டர் இருந்தால் போதும், உலோகப் பதக்கம் வர வருடக்கணக்காகும். ரிப்பனோடு ரிட்டயர் ஆகி, பதக்கத்தைக் கண்ணால் பார்க்காமலே போனவர்கள் நிறைய. உங்கள் அப்பா கதையும் அதுவாக இருக்கலாம்.

அதனால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு "டிஸ்சார்ஜ் புக்கைத் திருத்துங்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. மூன்றையும் கேளுங்கள்: ஷீட் ரோலையும் பார்ட் டூ ஆர்டரையும் சரிபார்க்க வேண்டும், பதிவு இல்லாவிட்டால் தகுதியைப் பார்த்துப் பதிய வேண்டும், பதக்கத்தை வரவழைத்து அனுப்ப வேண்டும். கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும். அவர்தான் ஆவணத்தில் இருக்கும் வாரிசு, நீங்கள் போட்டால் உடனே கேள்வி வரும். டிஸ்சார்ஜ் புக் எல்லாப் பக்கங்களும், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார், இவற்றின் நகல் வையுங்கள். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அவர்கள் முகப்புக் கடிதம் போட்டு அனுப்பினால் மனுவுக்குக் கனம் கூடும். அப்பாவின் ஆர்மி நம்பரை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். எங்களுக்கு ஆள் பெயர் தெரியாது அம்மா, நம்பர்தான் ஆள்.

இன்னொன்று. 1971 டிசம்பரில் அவர் எந்த யூனிட்டில் இருந்தார் என்று வீட்டில் எங்காவது எழுத்தில் இருக்கிறதா? படம் ஆதாரம் ஆகாது, ரிப்பன் கடையில் கிடைக்கும். காகிதம் தேடுங்கள்.

கயத்தாறு பேரன்

அக்கா, நான் என் தாத்தாவுக்காக இதே வேலையில் அலைந்தவன். பாதி ஜெயித்தேன், பாதி தோற்றேன். இரண்டுமே உங்களுக்கு உதவும்.

தாத்தா 1962-இல் சேர்ந்து பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர். பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிட விதி இருக்கிறது. நான் கேட்டபோது ஷீட் ரோல் இல்லை, லாங் ரோல் என்கிற பெரிய பதிவேட்டில் சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி மாதிரி சில வரிகள்தான் மிச்சம். ஆனால் 1965-க்கான ரக்ஷா மெடலுக்கு அதுவே போதுமாக இருந்தது. 1965 ஆகஸ்ட் 5-ஆம் தேதியன்று 180 நாள் சர்வீஸ் முடித்திருந்தால் போதும், எங்கே இருந்தார் என்ற கேள்வி இல்லை. தேதிகளை வைத்தே கிடைத்துவிட்டது. அதே போருக்கான சமர் சேவா ஸ்டார் அப்படி இல்லை. போர்ப் பகுதியில் இருந்ததைக் காட்ட வேண்டும். காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தாத்தா சொன்ன கதைகள் மட்டும் இருந்தன. அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

உங்கள் அப்பா பென்ஷனர், அதனால் ஷீட் ரோல் இருக்க வாய்ப்பு அதிகம். மனு போட்டு இரண்டு மாதம் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான், ஆன்லைனிலும் போடலாம். "ஷீட் ரோலில் பதக்கப் பதிவு உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல், அது தொடர்பான பார்ட் டூ ஆர்டரின் எண், தேதி" என்று துல்லியமாகக் கேளுங்கள். "ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவலே இல்லை என்று தள்ளிவிடுவார்கள். அதையும் அம்மா பெயரிலேயே போடுங்கள். அடுத்தவர் தனிப்பட்ட விவரம் என்று காரணம் காட்டி என்னுடைய முதல் மனுவைத் திருப்பிவிட்டார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். தகவல் மனு காகிதத்தைத்தான் வாங்கித் தரும், திருத்தித் தராது. திருத்த முதல் மனுதான்.

பெயரையும் பாருங்கள். பி.பி.ஓ.வில் பாட்டி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. வடக்கே எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். அதற்கு நோட்டரி உறுதிமொழி வாங்கவே எனக்கு நாலு மாதம் போனது.

வேலூர் மகள் (16 நாள் கழித்து)

ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. காகிதம் கிடைத்துவிட்டது!

அம்மாவிடம் கேட்டேன். "கடுதாசி எல்லாம் அரிசி டிரம்முக்குப் பின்னால் தகரப் பெட்டியில்" என்றார். நாற்பதுக்கு மேல் இன்லேண்ட் கடிதங்கள், சில ஓரம் அரித்துப் போயிருக்கின்றன. வருடவாரியாக அடுக்கிக்கொண்டே வந்தேன். 1971 டிசம்பரில் எழுதியது ஒன்றே ஒன்று. அனுப்புநர் இடத்தில் அப்பாவின் நம்பர், பெயர், கம்பெனி நம்பர், கீழே கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலைய எண்) என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. மேலே களத் தபால் நிலையத்தின் வட்ட முத்திரை, தேதி 22 டிசம்பர் தெளிவாகத் தெரிகிறது.

உள்ளே எட்டு வரிதான். நலமாக இருக்கிறேன், சண்டை நின்றுவிட்டது, லீவு இப்போது கிடைக்காது, ஆடு விற்ற பணத்தில் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள், பிள்ளை பிறந்ததும் தந்தி அடி. நான் பிறந்தது 1972 ஜனவரி 9. இந்தக் கடிதத்தை எனக்கு 50 வயது தாண்டிய பிறகு படிக்கிறேன்.

மனுவில் அம்மா கையெழுத்துப் போட்டார். மூன்று இடம். கை நடுங்கியதால் முதல் நகல் கெட்டுவிட்டது, இன்னொன்று அச்செடுத்துவந்தேன். நேஃபாவில் அப்பா கொஞ்ச காலம் இருந்ததாக அம்மாவுக்கு ஞாபகம், எந்த வருடம் என்று சொல்லத் தெரியவில்லை. அதையும் எழுதிவிட்டேன். நல அலுவலகத்தில் பொறுமையாகப் பார்த்து, முகப்புக் கடிதம் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்பீட் போஸ்டில் போய்விட்டது.

பழைய ஹெட்கிளார்க்

அந்தக் கடிதம் தங்கம். 56 ஏ.பி.ஓ. மேற்குப் பக்கத்துப் படைகளுக்கான முகவரி, கிழக்கு என்றால் 99 போட்டிருக்கும். முத்திரைத் தேதியும் போர் முடிந்த ஐந்தாம் நாள். கம்பெனி நம்பர் இருப்பதால் அந்தக் கம்பெனி அன்று எங்கே இருந்தது என்று அவர்கள் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள முடியும். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் லேமினேட் செய்து ஒட்டியும் வைக்காதீர்கள், பழைய காகிதம் பாழாகிவிடும். வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்தால் போதும்.

சாத்தூர் வாசகன்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்தப் பதக்கங்களால் ஓய்வூதியத்தில் ஏதாவது கூடுமா? என் மாமாவுக்கும் இதே மாதிரி விட்டுப்போயிருக்கிறது.

பழைய ஹெட்கிளார்க்

கூடாது. போரில் கலந்துகொண்டதற்கான பதக்கம், நீண்ட சேவைப் பதக்கம் எதற்கும் மாதப் பணம் கிடையாது. பரம்வீர் சக்ரா, வீர் சக்ரா, சேனா மெடல் மாதிரி வீரச் செயலுக்கான விருதுகளுக்குத்தான் உதவித்தொகை உண்டு. அந்த விருதுகள் அரசிதழில் பெயரோடு வரும், அதனால் தேடுவதும் சுலபம். உங்கள் மாமாவுக்கு விட்டுப்போனது அந்த வகையா, இந்த வகையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மாமா உயிரோடு இருந்தால் இன்றே அவர் கையெழுத்தில் மனு போடுங்கள். அவர் வாயால் யூனிட், இடம், தேதி எல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து, பிள்ளைகள் தேடத் தொடங்கும்போது பெரும்பாலும் கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை.

வேலூர் மகள் (ஐந்து மாதம் கழித்து)

பதில் வந்துவிட்டது. நடுவில் மூன்று மாதம் சத்தமே இல்லை. தம்பி சொன்னபடி அம்மா பெயரில் தகவல் மனு போட்ட பிறகுதான் அசைந்தது.

ஷீட் ரோல் பக்கத்தின் நகல் வந்தது. மங்கலான ஜெராக்ஸ். நான் ஜன்னல் பக்கம் வைத்துப் படித்தேன். பஷ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், இரண்டும் அதில் இருக்கின்றன! 1974-ஆம் வருடத்துப் பார்ட் டூ ஆர்டர் எண்ணோடு, நீல மையில், யாரோ ஒரு எழுத்தர் அழகாகச் சாய்த்து எழுதியிருக்கிறார். அப்பா அதற்குள் அடுத்த யூனிட்டுக்குப் போயிருந்தார். டிஸ்சார்ஜ் புக் எழுதும்போது அந்த வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஐயா, நீங்கள் படத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்.

சைன்ய சேவா கிடைக்கவில்லை. அப்பா நேஃபாவில் இருந்த காலம் தகுதிக்குப் போதவில்லை என்று கடிதத்தில் காரணம் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் படத்தில் இருக்கும் அந்த ஐந்தாவது ரிப்பன் என்ன என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன், "இல்லாததைக் கேட்க வேண்டாம், விடு" என்று சொல்லிவிட்டார்.

பதக்கங்களுக்குக் கோரிக்கை அனுப்பியிருக்கிறார்களாம், வரும்போது அம்மாவின் முகவரிக்கு அனுப்புவார்களாம். புக்கில் பதிந்து முத்திரை வைக்க அசல் டிஸ்சார்ஜ் புக்கை அனுப்பச் சொல்கிறார்கள். இங்கேதான் சிக்கல். அம்மா புக்கைத் தபாலில் விட மறுக்கிறார். "அது அவர் கையில் வாங்கிட்டு வந்தது" என்கிறார். என்ன செய்வது?

பழைய ஹெட்கிளார்க்

அம்மா சொல்வதுதான் சரி. அசலைத் தபாலில் போடாதீர்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணைக் குறிப்பிட்டு, நேரில் கொண்டுவருகிறோம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், நாள் கொடுப்பார்கள். திங்கட்கிழமையைத் தவிருங்கள், கூட்டம் தாங்காது. கிளம்பும் முன் புக்கின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். அங்கே பதிந்து, முத்திரை வைத்து, அதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகு அந்த வரியில் பார்ட் டூ ஆர்டர் எண்ணும் வருடமும் இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே பாருங்கள். இல்லாவிட்டால் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

ஐந்தாவது ரிப்பன் பற்றி: அந்த இடத்தில் குத்தும் வேறு மெடல்களும் உண்டு. படத்தின் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி எனக்கு அனுப்புங்கள். கோடுகளின் அகலத்தை வைத்து ஏதாவது சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பகல் முழுக்க உட்கார வேண்டியிருக்கும், மாத்திரை, தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் மகள்

சரி ஐயா. அடுத்த புதன்கிழமைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். காட்பாடியிலிருந்து இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். அம்மா புக்கை அதே சிவப்புத் துணியில் சுற்றி, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த 1971 கடிதத்தையும் உள்ளே வைத்திருக்கிறார், நகல் போதும் என்று சொன்னாலும் கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி நாளை அனுப்புகிறேன்.